அரங்கேறும் முன்

இசை தனிமையிலும் பிறக்கும், அவையிலும் பிறக்கும். தனிமையில் பாடுபவன் தானே பாடகனாகவும் தானே கேட்பவனாகவும் இருக்கிறான். பிழை நேர்ந்தால் மீண்டும் தொடங்கலாம். சலிப்புத் தோன்றினால் நிறுத்திவிடலாம். அவையின் முன் அமர்ந்தவனுக்கு அந்த உரிமை இல்லை. அவன் வாயினின்று எழுந்த சுரம் அந்த நொடியே பிறர் செவிக்கு உரியதாகிவிடுகிறது. அதனைத் திரும்பப் பெற வழியில்லை. வீட்டில் மணியென ஒலித்த குரல் மேடையில் கம்முவதற்கும், பல்லாண்டுப் பயிற்சி பெற்ற விரல்கள் வீணையின் மெட்டுகளில் நடுங்குவதற்கும் இதுவே காரணம்.

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், இலங்கைச் சைவத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அதனையொட்டிய கலாமண்டபமும் உள்ளன. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981ல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் நுண்கலைக் கோயிலும் அங்கேயே அமைந்துள்ளது. கிள்ளானில் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் முதலான திருக்கோயில்களில் விழாக்காலந்தோறும் இசை முழங்குகிறது. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை விழாவிலோ, தமிழ்ப்பள்ளிச் சிறுவர் வயதுக்கேற்ற பிரிவுகளில் தேவார திருவாசகங்களை ஓதி, வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக மேலேறுகின்றனர். இத்தனை மேடைகள் இருக்குமிடத்தில் மேடையேறுவோரின் நெஞ்சப் படபடப்பும் இருக்கத்தானே செய்யும்?

அந்தப் படபடப்பைக் கண்ட பெரியவர்கள் வழக்கமாக ஒரு மருந்து சொல்வார்கள். “எதிரே இருப்பவர்களை மரமென்றும் கல்லென்றும் நினைத்துக்கொள், அச்சம் தானே போய்விடும்” என்பதே அது. அன்பினால் சொல்லப்படும் அறிவுரைதான். சில வேளைகளில் அது பலனும் தருகிறது. எனினும் அதனுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. கேட்க வந்த மனிதரைக் கல்லாக எண்ணிக்கொண்டு அவர்க்கு இசை வழங்குவது எங்ஙனம் முறையாகும்? அச்சத்தை வெல்லும் வழி மனிதரை மறப்பதா, மனிதரை அறிவதா? இசையரங்கிற்கு ஆயத்தமாதல் என்பது முழுவதும் இவ்வினாவுக்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

அச்சத்தின் இயல்பு

முதற்கண் அச்சத்தைப் பழிக்காமல் அறிதல் வேண்டும். ஆபத்து வந்துற்றபோது உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் கிளர்ச்சியே மேடையிலும் எழுகிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு குறுகுகிறது, விரல்நுனி குளிர்கிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இவை உதவலாம். நெடிய மூச்சில் ஓர் ஆலாபனையை இழைப்பதற்கு இவை அனைத்தும் இடையூறே.

இவ்விடையூறு தகுதியற்றோர்க்கே வரும் என்று எண்ணுதல் தவறு. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோ இசைஞராகப் போற்றப்பட்ட பாப்லோ கசால்ஸ் வாழ்நாள் முழுவதும் மேடையச்சத்தால் வருந்தியவர். 1901ல் அமெரிக்காவில் ஒரு மலையினின்று இறங்கும்போது உருண்டு வந்த பாறை அவருடைய இடக்கை விரல்களை நசுக்கியது. அக்கணத்தில், இனி வாசிக்கவே வேண்டியதில்லை என்னும் நிம்மதியே தம் மனத்தில் முதலில் எழுந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். விரல்கள் குணமாயின, அச்சம் மட்டும் குணமாகவில்லை. ஆயினும் அவர் முதுமை வரையில் வாசித்தார்.

கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட் வேறு வழியைத் தேர்ந்தார். 1964ல், தம் முப்பத்தோராம் வயதில், பொதுமேடையை அறவே துறந்து ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் புகுந்துகொண்டார். 1982ல் மறையும் வரை மக்கள் முன் கச்சேரி வாசிக்க அவர் திரும்பவில்லை. மேலைநாட்டு இசைக்குழுக்களில் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையை நாடுவோரும் உளர். 1987ல் அமெரிக்க இசைக்குழுக் கலைஞரிடையே எடுக்கப்பட்ட கணக்கில் நான்கில் ஒருவருக்கு மேல் அதனை உட்கொண்டதாகத் தெரிவித்தனர். மாத்திரையால் கைநடுக்கம் நிற்கலாம். யாருக்காக வாசிக்கிறோம் என்னும் வினாவுக்கு மாத்திரையில் விடை இல்லை.

வள்ளுவர் வகுத்த வரிசை

அவ்வினாவுக்குத் தமிழ்மரபில் தெளிவான விடை உண்டு. திருக்குறளின் 72ஆம் அதிகாரம் அவையறிதல். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. இவை அமைச்சர்க்கும் கற்றோர்க்கும் உரிய சொல்வன்மையைப் பற்றியவை என்பது உண்மையே. எனினும் பலர் முன் தன் திறத்தை வைக்கும் எவர்க்கும் அவை பொருந்துவன. இவ்விரு அதிகாரங்களின் வரிசையே ஒரு பாடமாக இருப்பதைத் தமிழாசிரியர் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். அஞ்சாமையை முதலிலும் அறிதலைப் பின்னரும் வைக்கவில்லை வள்ளுவர். அவையை அறிந்தவனுக்கே அவையஞ்சாமை கைகூடும் என்னும் பொருள் அவ்வரிசையில் பொதிந்திருக்கிறது.

அறியாத ஒன்றே அச்சுறுத்தும். இருட்டறைக்குள் நுழையும் குழந்தை அஞ்சுவது இருட்டில் உள்ளதைக் கண்டன்று. உள்ளது இன்னதென அறியாமையால். அவையும் அத்தகையதே. அங்குள்ளோர் யாவரும் தன் குறையை அளக்க வந்தவர் என்று பாடுபவன் கற்பனை செய்துகொள்கிறான். உண்மையில் அங்கு இருப்பவர் யார்? பகலெல்லாம் உழைத்துக் களைத்து, ஒரு மணிநேர ஆறுதலை நாடி வந்தவர் ஒருவர். ஊரை நினைத்து ஒரு பாட்டைக் கேட்க வந்த மூதாட்டி ஒருவர். தன் பிள்ளையும் என்றேனும் இங்குப் பாட வேண்டும் என்று ஏங்கும் தாய் ஒருவர். அவர்களை அறிய அறிய, “என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ” என்னும் கவலை தேய்ந்து, “இவர்களுக்கு நான் கொடுக்க வேண்டியது என்ன” என்னும் பொறுப்பு வளர்கிறது. கவலை தன்னை நோக்கியது. பொறுப்பு பிறரை நோக்கியது. கவலை உடலைக் குலைக்கும். பொறுப்போ உடலைப் பணிகொள்ளும்.

இளங்கோவடிகள் காட்டும் ஆயத்தம்

பிறரை நோக்கிய பொறுப்பு செயலில் எவ்வாறு விளங்கும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகிறது. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவள் ஆடிய சிறப்பைச் சொல்லும் முன், இளங்கோவடிகள் அவளுக்குத் துணைநின்றோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என அந்த வரிசை நீள்கிறது. அரங்கேற்றம் ஒருத்தியின் தனித்திறமை என்று கருதுவோர்க்கு இப்பகுதி தக்க மறுமொழியாகும்.

அடுத்து அரங்கின் அமைப்பு. இருபத்துநான்கு பெருவிரல் அளவுடைய மூங்கிற்கோலால் அளந்து, ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக மேடை எழுப்பப்படுகிறது. தளத்திற்கும் மேலே அமைந்த பலகைக்கும் இடையே நான்குகோல் இடைவெளி விடப்படுகிறது. புகவும் வெளியேறவும் இரு வாயில்கள் வைக்கப்படுகின்றன. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு ஏற்றப்படுகிறது. இந்த விளக்குச் செய்தி ஒன்றே ஆழ்ந்து எண்ணத்தக்கது. நிழல் எங்கே விழும் என்பதை மேடைமேல் நின்று அறிய இயலாது. காண்போர் இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்க்கே அது புலப்படும். அங்ஙனமாயின், அந்த அரங்கை அமைத்தவர் தம்மைக் காண்போரின் இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆயத்தத்தின் உயிர்நிலை இதுவே.

இசை தொடங்கியபின் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்றதாக அக்காதை கூறுகிறது. ஒருவர் ஒலியை மற்றவர் கேட்டு அதன்வழி நிற்பதே அதன் கருத்து. இசைஞரின் முதல் அவை உடன் வாசிப்போரே. பக்கத்திலிருப்பவரைக் கேளாதவன் எதிரிலிருப்பவரை எவ்வாறு அறிவான்?

கருவியும் காலநிலையும்

மனத்தின் ஆயத்தம் கையின் ஆயத்தத்திலேதான் வெளிப்படும். கோயில் மண்டபங்களில் நாகசுவரக் கலைஞரைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். அவருடைய கருவியின் முனையில் நாணலால் செய்த சீவாளிகள் சில கயிற்றில் தொங்கும். சீவாளியைச் சரிசெய்யும் சிறு ஊசியும் உடனிருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும் சீவாளி பழுதுபட்டால் வேறொன்றை நொடியில் மாற்றுவதற்காகவே அவை. திருமண வீட்டில் அவருடைய வாசிப்பை எத்தனை பேர் உற்றுக் கேட்கின்றனர்? பேச்சும் சிரிப்பும் பந்தி ஆரவாரமுமே மிகுதி. ஆயினும், கேட்பவர் குறைவு என்று கருதி எந்த நல்ல கலைஞரும் மாற்றுச் சீவாளி இல்லாமல் புறப்படுவதில்லை. தாலி கட்டும் அந்த ஒரு கணத்தில் இசை தவறக்கூடாது என்பதை அவர் அறிவார். கேட்பாரின் கவனத்தை அளந்து தம் கடமையைக் குறைத்துக்கொள்ளாத இப்பண்பு போற்றத்தக்கது.

மிருதங்கமும் அவ்வாறே. அதன் இடப்பக்கத்தில் வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும். முடிந்ததும் வழித்தெடுக்க வேண்டும். வலப்பக்கத்தின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் தோல் ஒருவிதமாக ஒலிக்கும். குளிர்சாதன மண்டபத்தில் வேறுவிதமாக ஒலிக்கும். வீட்டில் சேர்த்த சுருதி மண்டபத்தில் நிலைப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே சென்று, மண்டபத்தின் காற்றில் கருவியைச் சற்று நேரம் இருத்தி, மீண்டும் சுருதி சேர்ப்பவரே கேட்பவரை மதிப்பவர். விழா தொடங்கியபின் ஓடிவந்து, அவையைக் காக்கவைத்து, மேடைமேல் கருவியைத் தட்டிக்கொண்டிருப்பவர் பிறர் நேரத்தைக் கடனாகப் பெற்றுத் திருப்பித் தராதவராகிறார்.

நிகழ்ச்சி நிரலை வகுத்தலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. இன்று வழங்கும் கருநாடக இசைக் கச்சேரி முறையைச் செம்மைப்படுத்திய பெருமை அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்கு (1890–1967) உரியது. தொடக்கத்தில் வர்ணம், பின்னர் விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள், நடுவே விரிவான இராகமும் தனியாவர்த்தனமும், இறுதியில் எளிய உருப்படிகள் என்னும் அவ்வமைப்பில் பாடுபவரின் நலமும் கேட்பவரின் நலமும் ஒருங்கே காக்கப்படுகின்றன. வர்ணம் குரலைப் பதப்படுத்துகிறது. அதற்குள் அவையும் அமைதியுறுகிறது. கனமான பகுதியைத் தாங்கும் வலிமை இரு சாராரிடத்தும் சேர்ந்த பிறகே அது வருகிறது.

தம் மொழியறியா அவையையும் அறிந்து பாடலாம் என்பதற்கு எம். எஸ். சுப்புலட்சுமி சான்றாவார். 1966ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுப்பேரவை மண்டபத்தில் அவர் பாடினார். உலக நட்புறவை வேண்டிக் காஞ்சிப் பெரியவர் இயற்றிய வடமொழிப் பாடலும், இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பாடலும் அங்கு ஒலித்தன. பல நாட்டார் கூடிய அவைக்கு எது பொருந்தும் என்று முன்னரே எண்ணிச் சேர்த்த பாடல்கள் அவை. அவற்றுக்காக அவர் தம் கருநாடக இசையைக் கைவிடவில்லை. தம் மரபில் நின்றுகொண்டே வந்தவர்க்குக் கை நீட்டினார்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அவையறிதல் என்னும் பெயரால் கைதட்டலுக்கு இசைவதையெல்லாம் பாடுவது கலையைத் தாழ்த்தாதா? தாழ்த்தும், ஐயமில்லை. ஆனால் அஃது அவையறிதலன்று, அவைக்கு அடிமையாதல். மருத்துவன் நோயாளியின் நிலையை நன்கு அறிகிறான். அதனால் நோயாளி விரும்பியதையெல்லாம் உண்ணக் கொடுப்பதில்லை. திருக்கோயில் விழாவில் பண்ணிசைக்கென ஒதுக்கிய நேரத்தில் கூட்டத்தின் ஆரவாரத்திற்காகத் திரைப்பாட்டை நுழைப்பவன் அவையை அறிந்தவனல்லன். அதன் தகுதியைக் குறைத்து மதித்தவன்.

இருவர் கொண்ட அச்சம்

மற்றொரு தடையும் உண்டு. “இறைவனை நினைந்து உருகிப் பாடினால் போதாதா? பயிற்சியும் ஏற்பாடும் எதற்கு?” என்பர் சிலர். அவர்கள் எடுத்துக்காட்டுவது பாணபத்திரர் வரலாற்றை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலமாக விளங்கும் அக்கதை, 1965ல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தால் தமிழர் யாவர்க்கும் அறிமுகமானது. வரகுண பாண்டியன் அவைக்கு வந்த ஏமநாதன் என்னும் இசைவல்லானை எதிர்த்துப் பாடுமாறு பாணபத்திரர் பணிக்கப்படுகிறார். ஏமநாதனுடைய மாணாக்கர் தெருவில் பாடுவதைக் கேட்டே அவர் கலங்குகிறார். சொக்கநாதர் திருமுன் சென்று முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவனாக வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். பாணபத்திரர் ஏற்க மறுத்த மாணவன் தான் என்கிறார். ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டே ஓடிவிடுகிறான்.

இக்கதை பயிற்சியை விலக்குகிறதா? பாணபத்திரர் நாள்தோறும் சொக்கநாதர் முன் யாழிசைத்துப் பாடியவர். அவருடைய வேண்டுதல் பயிலாதவன் குறுக்குவழி தேடிய வேண்டுதலன்று. பயில வேண்டியதையெல்லாம் பயின்றவன் தன் எல்லையை உணர்ந்து நின்ற வேண்டுதல். கதையை ஊன்றிப் படித்தால் அஞ்சியவர் இருவர் என்பது புலனாகும். பாணபத்திரரும் அஞ்சினார், ஏமநாதனும் அஞ்சினான். ஒருவரது அச்சம் அவரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது; மற்றவனது அச்சம் அவனை ஊருக்கு வெளியே துரத்தியது. புகழைக் காக்கப் பாடியவன், புகழ் போகுமிடத்தில் நிற்கமாட்டாதவனானான். இசையை ஒரு தொண்டாகக் கொண்டவரோ நடுங்கியும் நின்றார். அச்சம் இருந்ததா இல்லையா என்பதைவிட, அச்சம் எதனைப் பற்றியது என்பதே இருவரையும் வேறுபடுத்தியது.

ஆசிரியரின் கடமை

இக்கருத்து தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு நேரடியாக உரியது. திருமுறை ஓதும் போட்டிக்கு ஒரு சிறுமியை ஆயத்தம் செய்யும்போது, நாம் அவளுக்கு எதனைக் கற்பிக்கிறோம்? “நம் பள்ளிக்குக் கோப்பை கொண்டு வர வேண்டும்” என்பதை மட்டும் சொல்லி அனுப்பினால், அவள் ஏமநாதனின் அச்சத்தைச் சுமந்துகொண்டே மேடையேறுவாள். பரிசு கிடைத்தால் அடுத்த ஆண்டு அதனை இழக்கும் அச்சம். கிடைக்காவிட்டால் இனிப் பாடுவதில் பயனில்லை என்னும் முடிவு. நல்ல குரல்கள் பல பத்து வயதிலேயே ஓய்ந்துபோவதற்குத் தோல்வி காரணமன்று. பாட்டின் பயன் பரிசுதான் என்று நாம் கற்பித்ததே காரணம்.

வேறு விதமாகவும் அவளை ஆயத்தம் செய்யலாம். முதலில் பதிகத்தின் பொருளை உணர்த்த வேண்டும். அது எத்தலத்தில் பாடப்பட்டது, பண் யாது என்பவற்றை அவள் அறிய வேண்டும். நட்டபாடைப் பண் நாட்டை இராகத்தோடு ஒத்து வழங்குவது போன்ற செய்திகளைச் செவிவழியே காட்ட வேண்டும். பொருள் அறிந்தவள் சொல்லைப் பிளந்து மூச்சு விடமாட்டாள். ஒரு சொல் மறந்தாலும் கருத்தின் நூலைப் பற்றிக்கொண்டு மீண்டு வருவாள். பின்னர், தொடக்கத்திலிருந்து மட்டுமன்றி, எந்த அடியைச் சொன்னாலும் அங்கிருந்து பாடப் பழக்க வேண்டும். இடையில் தடுமாறினால் நில்லாமல் தொடர்வதையும் ஒரு பாடமாகவே பயிற்றுவிக்க வேண்டும். பிழை நேராது என்னும் உறுதியை எவரும் தர இயலாது. பிழைக்குப் பின்னும் பாடலாம் என்னும் உறுதியைத் தர இயலும்.

கேட்போர் வட்டத்தையும் சிறிது சிறிதாக விரிக்க வேண்டும். முதலில் வீட்டிலுள்ள பாட்டி தாத்தா. அடுத்து வகுப்புத் தோழர். பின்னர்ப் பள்ளியின் காலைக் கூட்டம். அதன்பின் கோயில் மண்டபம். ஒவ்வொரு முறையும் “எப்படிப் பாடினாய்?” என்று கேட்பதோடு, “கேட்டவர் முகத்தில் என்ன கண்டாய்?” என்றும் வினவுதல் நன்று. அன்றைய நாளில் செய்ய வேண்டியவை எளியவை: முதல்நாள் இரவு நல்ல உறக்கம், வயிறு நிறையாத உணவு, குடிக்க வெந்நீர், நேரத்தோடு செல்லுதல், கூட்டம் சேரும் முன் மேடைமேல் ஒருமுறை நின்று மண்டபத்தைக் கண்ணால் அளத்தல், பெயர் அழைத்தபின் நிதானமாக ஒரு மூச்சு. இவற்றை ஆசிரியர் தாமே உடனிருந்து செய்விப்பாராயின் பாதி அச்சம் வாயிலிலேயே நின்றுவிடும்.

மேடைக்கு அனுப்பும் அந்தக் கணத்தில் மரமென்றும் கல்லென்றும் சொல்லாதிருப்போமாக. “மூன்றாம் வரிசையில் ஒரு பாட்டி அமர்ந்திருக்கிறார். கிள்ளானிலிருந்து பேருந்து ஏறி வந்தவர். அவருக்கு ஏட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியாது. காதால் கேட்ட தேவாரமே அவருக்குத் தெரிந்தது. அவருக்குக் கேட்கும்படி பாடு” என்று சொல்லலாம். நடுவர்களும் அந்தப் பாட்டியைப் போலக் கேட்க வந்தவர்களே என்பதையும் சொல்லலாம். சிறுமியின் கைகள் அப்போதும் குளிர்ந்திருக்கலாம், நெஞ்சு துடிக்கலாம். ஆனால் அந்தத் துடிப்பு எதற்காக என்பதை அவள் அறிந்திருப்பாள்.

கேட்பவர் தம் வாழ்நாளில் ஒரு மணிநேரத்தை எடுத்துப் பாடுபவர் கையில் கொடுக்கிறார். செலவழித்த பொருளை மீண்டும் ஈட்டலாம். கொடுத்த நேரத்தை ஈட்ட முடியாது. அத்தகைய கொடையைப் பெறப்போகிறவன் வெறுங்கையோடு செல்லலாகாது என்னும் உணர்வே எல்லா ஆயத்தங்களுக்கும் வேர். மாற்றுச் சீவாளியும், சுருதி சேர்த்த மிருதங்கமும், பொருளுணர்ந்து மனனம் செய்த பதிகமும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. அவ்வுணர்வைப் பெற்ற பிள்ளை கோப்பையோடு திரும்பினாலும் வெறுங்கையோடு திரும்பினாலும், மறுநாள் காலையில் பாடுவாள்.